லிஃப்ட் உள்ள பள்ளிக்கூடம்

மூன்றாவது மாடிக் குழந்தையின் சக்கர நாற்காலி என் வீட்டு வாசலில்தான் நிற்கும். மாடிப்படிக்கு அடியில், என் கதவுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில். ஐம்பத்தொரு படி அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க முடியாதே என்று நான்தான் பெருந்தன்மையாக இடம் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நான் சொல்கிறேன். "அவங்க வீட்டு விஷயம் ஒண்ணு விடாம உன் வாசலுக்கு வரணும், அதானே?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மனிதர், அதையும் இப்படி வீணாக்குவார்.

குழந்தைக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. வாய்க்கு மட்டும் மூன்று ஆள் பலம். கட்டடத்தில் யார் துணியை எந்தக் கொடியில் காயப்போட வேண்டும் என்பதுவரை உத்தரவு போடுவதால் எங்கள் எல்லோருக்கும் அவள் 'மேனேஜர்'. அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். என் ஜாக்கெட்டின் அளவை மூன்று வருஷமாகக் கூட்டிக்கொண்டே வருகிறாள், வெளியே சொல்வதில்லை. நல்ல பெண். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைச் சொல்லி நான் சிரிக்காத நாள் கிடையாது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"நானே லிஃப்ட்தானே அக்கா" என்பார்.

அது உண்மைதான். காலையில் மகளை முதுகில் சுமந்துகொண்டு இறங்குவார். அவள் அவருடைய வலது காதை அமுக்கினால் கீழே, இடது காதை அமுக்கினால் மேலே. ஒவ்வொரு தளத்திலும் நின்று "டிங்" என்று சத்தம் கொடுப்பார். சில நாள் அவள் நடுவில் இரண்டு காதையும் சேர்த்து அமுக்கிவிடுவாள். லிஃப்ட் பழுதாகி இரண்டாவது மாடி வாசலில் நின்றுவிடும். "கம்பெனிக்கு போன் பண்ணுங்க மேடம்" என்று அவர் கெஞ்சுவதும், "எங்க கம்பெனி ஆளு ரொம்ப சோம்பேறி, வர மாட்டான்" என்று அவள் திட்டுவதும் என் சமையலறை வரைக்கும் கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம் வந்தது. மற்றவர்கள் பள்ளிக்கூடம் பார்க்கப் போனால் பாடம் எப்படி, வாத்தியார் எப்படி என்று கேட்பார்கள். இவர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போனார். வாசல் அகலம், கதவு அகலம், கழிப்பறைக் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று ஏழு பள்ளிக்கூடத்தை அளந்துவிட்டு வந்தார். மூன்று இடத்தில் "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குன்னு தனியா இருக்குமே, அங்க விசாரிச்சீங்களா?" என்று கேட்டார்களாம். இரண்டு இடத்தில் நாற்காலியைப் பார்த்ததுமே இடம் நிரம்பிவிட்டதாம். இதையெல்லாம் தையற்காரி என் வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

மிச்சம் இரண்டு.

ஒன்று எங்கள் தெருக் கோடியில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம். கீழே மூன்று அறை, மாடியில் மூன்று அறை, வாசலில் மூன்று படி. தலைமை ஆசிரியை குள்ளமாக, ஜாக்கெட் கையெல்லாம் சாக்பீஸ் பொடியாக இருப்பாள். மேனேஜரைப் பார்த்ததும், "ஒண்ணாம் வகுப்பு மாடியிலதான் இருக்கு. அதனால என்ன, கீழ எறக்கிட்டாப் போச்சு. இந்த மூணு படிக்கு ஒரு பலகை போட்டுக்கலாம்" என்றாளாம். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்பதுபோல அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாளாம். தையற்காரிக்கு அது பிடித்துவிட்டது.

இன்னொன்று பெரிய ரோட்டில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடம். கண்ணாடிக் கதவு, வரவேற்பறையில் மீன் தொட்டி, மூன்று மாடி, லிஃப்ட்.

லிஃப்ட் என்றதும் நம் ஆள் மயங்கிவிட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், விடுவார்களென்றால் லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்ப்பார். லிஃப்ட் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பெட்டிக்குள் ஓர் எண் ஒன்று கூடுமாம். அந்த எண்ணைத் தேதி போட்டுச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்வார். மனிதர்களுக்கு வயசு மாதிரி லிஃப்டுக்கு அது என்பார். சேர்க்கைக்குப் போன அன்றும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தையே வாங்கினாராம்.

"ரெண்டாயிரத்து முந்நூத்தி ஆறுதான் அக்கா ஓடியிருக்கு! புத்தம் புதுசு மாதிரி. மோட்டார் சத்தமே இல்ல. என் பொண்ணு மத்த பிள்ளைங்க மாதிரி ரெண்டாவது மாடியில உக்காந்து படிக்கப் போறா."

"அந்தம்மா கீழ எறக்குறேன்னு சொன்னாங்கல்ல" என்றாள் அவள்.

"பலகையை நம்பி விடச் சொல்றியா? நான் அளந்து பாத்தேன், சரிவு நிக்காது. வழுக்கினா யாரு பதில் சொல்றது? அதுவும் இவ ஒருத்திக்காக மொத்த வகுப்பையும் எறக்கி… வேணாம். யாரும் நமக்காக எறங்கி வர வேணாம். இவ ஏறிப் போகட்டும்."

இருவரும் என் வாசலில் நின்று பேசினார்கள் என்பதற்காக என்னிடம் தீர்ப்புக் கேட்டதாக அர்த்தம் இல்லை. ஆனால் வாசல் என்னுடையது. "அந்தக் கோடிப் பள்ளிக்கூடத்துல மழை பெஞ்சா கீழ் வகுப்புக்குள்ள கணுக்கால் தண்ணியாமே" என்றேன். யார் சொன்னார்கள் என்று இன்று கேட்டால் எனக்கே தெரியாது. வேறு பள்ளிக்கூடத்தைப் பற்றி வேறு யாரோ சொன்னதாக இருக்கலாம். வாயில் வந்தது, வந்துவிட்டது. தையற்காரி என்னை ஒரு முறை பார்த்தாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேலே போனாள்.

பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

காலையில் அவரே வண்டியில் கொண்டுபோய் விடுவார். ஆயா வந்து கண்ணாடிக் கதவைத் தாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் பள்ளி வேனில் வருவாள். வேன் வந்ததும் நாற்காலியை வாங்கிக்கொள்வது நான். தையற்காரி மூன்று மாடி இறங்கி வருவதற்குள் ஐந்து நிமிஷம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு நாள் பூராவையும் நான் கறந்துவிடுவேன்.

"இன்னிக்கு என்ன மேனேஜர்?"

"மேலேர்ந்து பாத்தா ஒரு தண்ணித் தொட்டி தெரியுது அத்தை. அதுல ஒரு காக்கா குச்சி குச்சியா வைக்குது. அப்புறம் ஒரு மாமா தினமும் சட்டையைத் தலைகீழா காயப்போடறாங்க. நீலத் தார்ப்பாய் ஒண்ணு பறக்குது."

"லிஃப்ட்ல பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம். பட்டனை நான்தான் அமுக்குவேன். எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் ஏறணும்."

அப்பா வீட்டுக்கு வந்ததும் அதே கதை மறுபடி நடக்கும். லிஃப்ட் எப்படிப் போனது, எங்கே நின்றது, கதவு எப்படித் திறந்தது என்று அவர் கேட்பார், இவள் சொல்வாள். அதைக் கேட்கப் படியேறும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐம்பத்தொரு படியும் அவருக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்கிடையில் கோடிப் பள்ளிக்கூடத்து வாசலில் படிகளை ஒட்டி நீளமாக ஒரு சிமென்ட் சரிவு முளைத்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி வேறு. தினமும் அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போகிறேன். "தலைமை ஆசிரியைக்கு ஸ்கூட்டரை விட்டு இறங்க மனசில்ல, நேரா மேஜை வரைக்கும் ஓட்டிட்டுப் போகப்போறாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, நான் சொன்ன விதம்.

நாலு மாதம் ஓடியது. குழந்தைகள் செய்த வேலைகளைப் பெற்றோருக்குக் காட்டும் நாள் என்று பெரிய பள்ளிக்கூடத்தில் அழைப்பு வந்தது. தையற்காரிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் நாற்பது மேலங்கிகளை அன்றே முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "நான் வேணா கூடப் போறேனே" என்றேன். அந்த மீன் தொட்டியைப் பார்க்க எனக்கு நாலு மாதமாகவே ஆசை.

உள்ளே நுழைந்ததுமே ஆபீஸ் அம்மா ஓடி வந்தாள். லிஃப்ட் மேல்மாடியில் நின்றுவிட்டதாம், கதவு மூடவில்லையாம், பராமரிக்கிற கம்பெனி ஆள் நாளைக்குத்தான் வருவானாம். "சார், நீங்க இந்த வேலைதானே? பெரியவங்கெல்லாம் வர்ற நாள். கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

கேட்க வேண்டுமா? இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனார். "அப்பாவோட லிஃப்ட் ஆயிடுச்சு பாரு" என்றேன் மேனேஜரிடம். அவள் மீன் தொட்டிப் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொன்னாள்.

"இது தொப்பை. இது கோவக்காரி. இது புதுசு, போன மாசம் வந்துச்சு. பழசு செத்துப் போச்சு, யாருக்கும் சொல்லாம மாத்திட்டாங்க" என்றாள் மீன்களைக் காட்டி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, அந்த ஆபீஸ் அம்மா இருக்காங்கல்ல, பத்தரை மணிக்கு அவங்க அக்காவோட போன்ல சண்டை போடுவாங்க. பதினொண்ணுக்கு அழுவாங்க. அப்புறம் பிஸ்கட் சாப்பிடுவாங்க. தபால்காரரு பன்னெண்டு மணிக்கு வருவாரு, ஒரு கால் செருப்பு மட்டும் சத்தம் போடும். மத்தியானம் பிரின்சிபால் ரூம்ல குறட்டை கேக்கும். கதவு சாத்தியிருந்தாலும் கேக்கும்."

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வாரிசைப் பார்த்ததில்லை. செருப்புச் சத்தத்தைக்கூட விடவில்லையே! இன்னும் சொல், இன்னும் சொல் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் பூராவும் அந்த ஆபீஸில் நடப்பதை மணி வாரியாக அவள் சொல்லி முடிக்கிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை தெரிய வேண்டுமென்றால் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் இருபது வருஷமாக அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபீஸை ஒட்டி ஒரு சின்ன அறை. கதவு பாதி திறந்திருந்தது. பழைய விடைத்தாள் கட்டுகள், உடைந்த உலக உருண்டை. ஒரு மேஜையின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள், சக்கர நாற்காலி உள்ளே நுழைகிற உயரத்துக்கு. மேஜைமேல் அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடி. மூன்று நாளாகத் தையற்காரி தேடிக்கொண்டிருந்த மூடி.

அப்பா படியில் இறங்கி வந்தார். தாவவில்லை. ஒரு கையில் சட்டைப்பை நோட்டு விரித்தபடி இருந்தது. இன்னொரு கையில் ஒரு பென்சில் துண்டு. கதவு ஓடும் பள்ளத்தில் அது சிக்கியிருந்ததாம்.

"சரியாயிடுச்சா சார்?" என்றாள் ஆபீஸ் அம்மா.

"சரியாயிடுச்சு." அவர் நோட்டையே பார்த்தார். "ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தி நாலு."

"என்னது சார்?"

"நான் சேக்க வந்தப்ப முந்நூத்தி ஆறு. இப்ப முந்நூத்தி நாப்பத்தி நாலு. நாலு மாசத்துல முப்பத்தெட்டு நடை. என் பொண்ணு காலையில ஏறி, சாப்பாட்டுக்கு எறங்கி, மறுபடி ஏறி, சாயங்காலம் எறங்கினா ஒரு நாளைக்கே நாலு."

"மெஷின்தானே சார், தப்பாக் காட்டும்."

"அது காட்டாதும்மா" என்றார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

ஆபீஸ் அம்மா கெட்டவள் இல்லை. மேஜை டிராயரைத் திறந்து, மரத்துண்டு கட்டிய லிஃப்ட் சாவியை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். குழந்தையை லிஃப்டில் தனியாக அனுப்பக் கூடாது என்பது விதியாம். கூடப் போக ஓர் ஆள் வேண்டும். முதலில் இருந்த ஆயா நின்றுவிட்டாளாம். இப்போது இருக்கிறவளுக்கு லிஃப்ட் என்றால் தலை சுற்றுமாம். டீச்சர்தான் எழுத வேண்டியதையெல்லாம் தினமும் கீழே அனுப்பிவிடுகிறாளே. "நாங்க நல்லாத்தான் பாத்துக்கறோம் சார். ஒரு தொந்தரவு கிடையாது, தங்கமான குழந்தை. நீங்களும் ஒரு நாள்கூட ஒண்ணும் கேக்கலையே, அதனால உங்களுக்குத் தெரியும்னுதான்…"

அவர் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். இஸ்திரிச் சட்டையில் கிரீஸ் படிந்திருந்தது.

"ஏண்டா சொல்லல?"

மேனேஜர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க லிஃப்ட் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

பிறகு அவர் ஆபீஸ் அம்மாவின் கையிலிருந்து சாவியை வாங்கினார். மூன்று பேரும் ஏறினோம். உண்மையிலேயே மோட்டார் சத்தம் இல்லை. பட்டனை அமுக்கு என்று அவர் சொன்னார். அவள் எது என்று கேட்டாள். இரண்டாவது மாடியில் வகுப்பு முழுக்கச் சுவரில் படம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர். அவளுடையதும் இருந்தது, கடைசியில், கதவுக்குப் பின்னால். அங்கே இருந்த ஒரே ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் வெற்றுச் சுவர்.

தண்ணீர்த் தொட்டி, காகம், தலைகீழ்ச் சட்டை, நீலத் தார்ப்பாய். எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் தெரிவது அத்தனையும். தலைகீழாகச் சட்டை காயப்போடுகிற அந்த மனிதனைப் பற்றி நானே எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன். தெருவில் எது நடந்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவள். நாலு மாதம் தினமும் கேட்டு, தலையாட்டி, எங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன்.

வீடு வந்து சேர்ந்ததும் நாற்காலியைப் படிக்கடியில் நிறுத்தினேன். அவர் குனிந்தார், அவள் முதுகில் ஏறிக்கொண்டாள். அவர் முதல் படிக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"எந்த மாடி மேடம்?"

அவள் கை அவர் தோளிலேயே கிடந்தது. காதுக்குப் போகவில்லை.

"நீங்களே போங்கப்பா" என்றாள்.

ஏறினார். ஒரு தளத்திலும் "டிங்" கேட்கவில்லை. அன்று மிஷின் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. நாற்பது மேலங்கியில் எத்தனை முடிந்ததோ, நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை தையற்காரி மட்டும் இறங்கி வந்தாள். "அக்கா, கோடி ஸ்கூல் வரைக்கும் வர்றீங்களா?" என்றாள். அவளுக்கு என் மேல் கோபம் இருந்திருக்க வேண்டும். தண்ணீர் நிற்கிறதென்று நான் சொன்னதை அவள் மறந்திருக்க மாட்டாள். வழியெல்லாம் அதை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவே இல்லை.

தலைமை ஆசிரியை எங்களைப் பார்த்ததும் மேஜையிலிருந்து எழுந்தாள். "வருவீங்கன்னு நெனச்சேன். நீங்க வந்துட்டுப் போன மாசமே அந்தச் சரிவைப் போட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் பலகை நிக்காது, இவ்வளவு நீளம் வேணும்னு அளந்து காட்டினார்ல, அதே அளவுக்கு நீளமாப் போடச் சொன்னேன். ஒண்ணாம் வகுப்பும் அப்பவே கீழ வந்துருச்சு. நீங்க வரலேன்னதும், சரி, கெடக்கட்டும், பிள்ளைங்க சறுக்கி விளையாடுதுன்னு விட்டுட்டேன்."

ஸ்கூட்டரைப் பற்றி நான் சொன்னது அவள் காதுக்கும் போயிருக்கும். என் பக்கம் திரும்பி, "இவங்க தினமும் பாத்திருப்பாங்களே, சொல்லலையா?" என்றாள். அதை அவள் குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று பேருமே போனோம், அவர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். சரிவில் ஏறும்போது நாற்காலியைத் தள்ளாமல் பக்கத்திலேயே நடந்தார். அவளே கையால் சக்கரத்தைத் திருப்பி ஏறிவிட்டாள். வகுப்பில் முப்பது தலைகள் திரும்பின. முதல் வரிசையில் இரண்டு பெஞ்சுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள். ஒரு குட்டிப்பெண் தன் டப்பாவை நகர்த்தி வைத்துக்கொண்டு, "இங்க வா" என்றாள்.

மேனேஜர் நகரவில்லை. வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தலைமை ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இவங்கள்லாம் எப்ப மாடிக்குப் போவாங்க?"

"யாரும் போக மாட்டாங்கடா. ஒண்ணாம் வகுப்பு இங்கதான்."

சரி என்று தலையாட்டினாள். பெரியவர்களை நம்பாதபோது அவள் அப்படித்தான் ஆட்டுவாள், எனக்குத் தெரியும். முதல் வரிசைக்குப் போனாள். தன் பையைத் திறக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த ஜன்னல் பக்கம் தினமும் நிற்கிறேன். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு மணி அடித்தபோதும் அவள் பென்சிலைப் பைக்குள் வைத்து மூடி, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, மற்ற பிள்ளைகள் எழுந்து போவதற்கு வழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாடம் தொடங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் குட்டிப்பெண் அவளுடைய பையைத் திறந்து பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுப்பாள். அடுத்த மணிக்கு மறுபடியும் பென்சிலைப் பைக்குள் வைப்பாள்.

மூன்றாவது மாடிக்காரர் சாயங்காலம் என் வாசலில் நின்று, "இன்னிக்கு எப்படி அக்கா இருந்தா?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் அவளையே கேட்பார்.

"நல்லாத்தான் இருந்தா" என்கிறேன்.

அவர் நாற்காலியின் சக்கரத்தைத் துடைக்கிறார். துடைக்க ஒன்றும் இருக்காது. ஒரே தெருதானே, நேர் ரோடு.

இன்று காலையும் அவள் அவருடைய காதை அமுக்கவில்லை.